ஷோகனில் தினமும் வேலைக்குப் போகலாமா?

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்த வண்டி வைத்திருந்தாலும் 'நம்ம ஊர் வண்டி' என்று காலரைத் தூக்கி விட்டுக் கொள்ளலாம். லாரியா? அசோக் லேலண்ட். மொபெட்டா? 1980-ல் இங்கிருந்து கிளம்பிய டி.வி.எஸ். 50. பேட்டரி ஸ்கூட்டரா? ஏத்தர் இங்கேயே, கொஞ்சம் தள்ளி போச்சம்பள்ளி பக்கம் ஓலா. ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் யாரும் செய்யவில்லை. அதனாலென்ன, எங்களுக்கு ஷோகன் இருந்ததே!

1993-ல் டி.வி.எஸ். சுஸுகி கொண்டு வந்த பைக். முழுசாக 110 சி.சி. கூடக் கிடையாது. ஆனால், பதினாலு குதிரை! இன்றைக்கு வரும் 110 சி.சி. வண்டிகள் எட்டுக் குதிரையோடு சாந்தமாக நின்று விடுகின்றன. சத்தம்? தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்து விடலாம்.

என்னிடம் இருப்பது 1995 மாடல். மாமா ஓட்டி, எனக்கு வந்தது. நம்பர் பிளேட்டில் டி.என். 29, அதாவது தர்மபுரி. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தானே! ஓசூரின் டி.என். 70 எல்லாம் இந்த வண்டிக்குத் தம்பிகள்.

ஆர்.சி. புதுப்பிக்கும் நேரம் வந்தபோதுதான் வீட்டில் பேச்சு கிளம்பியது. 15 வருஷம் தாண்டிய பைக்குக்கு முந்நூறு ரூபாயாக இருந்த கட்டணம் 2022-ல் ஆயிரமானது. இருபது வருஷம் தாண்டியிருந்தால் 2025-லிருந்து இரண்டாயிரம். பசுமை வரி தனி.

"கட்டிட்டு தினமும் இதுலயேதான் பொம்மசந்திரா போகப் போறீங்களா? இல்ல, ஒழுங்கா ஒரு ஸ்கூட்டர் வாங்கறோமா?" என்றாள் மனைவி. காலையில் பாப்பாவை ஸ்கூலில் இறக்கி விட்டுத்தான் நான் போகிறேன் என்பதால், இது வெறும் வண்டிப் பேச்சு இல்லை.

பி.காம். படித்தவன் ஆச்சே, பேப்பரை எடுத்தேன். போக வர 35 கிலோமீட்டர். ஷோகன் லிட்டருக்கு 35 கொடுத்தால் அதிகம். ஆக நாளுக்கு நூறு ரூபாய் பெட்ரோல், கூட ஏழு ரூபாய்க்கு டூ-டி ஆயில். ஐம்பது கொடுக்கும் ஸ்கூட்டரென்றால் எழுபது ரூபாய். மாதம் 25 நாளைக்கு வித்தியாசம் தொள்ளாயிரத்துச் சொச்சம். இதைவிடப் பெரிய தொகைக்குப் புது வண்டியின் மாதத் தவணையே வந்து விடும். எனவே பணம் என்ற கட்சியில் ஷோகன் ஜெயித்து விட்டது.

தேய்மானக் கணக்கு இன்னும் வேடிக்கை. வருஷம் 15 சதவிகிதம் கழித்துக் கொண்டே வந்தால், நூறு ரூபாய் வண்டி முப்பது வருஷத்தில் 76 காசு. ஆனால் டீக்கடையில் நிறுத்தினால் போதும், "குடுக்கறீங்களா சார்?" என்று யாராவது வந்து விடுகிறார்கள். எனக்குக் காலேஜில் சொல்லிக் கொடுத்த சூத்திரத்தில் இந்த ஆசாமிகளுக்கு இடமே இல்லை.

சரி, ரோடு என்ன சொல்கிறது? மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, சந்தாபுரா... ஷிஃப்ட் விடும் நேரத்தில் இந்த வரிசையைக் கடந்தவர்களுக்குத் தெரியும். இடது பக்கம் கம்பெனி பஸ், வலது பக்கம் கன்டெய்னர், நடுவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் திட்டு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இந்த ஊர்வலம் ஆகவே ஆகாது. அது வேகமாகச் சுற்றினால்தான் சக்தி. நத்தை மாதிரி நகர்ந்தால் எரியாத ஆயில் பிளக்கில் படிந்து, 'டுப்' என்று அணைந்து விடும். பையில் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு உபரி பிளக்கும் ஸ்பானரும் வைத்திருக்கிறேன். அத்திப்பள்ளி பாலத்தடியில், நனைந்த பிளக்கைத் துடைத்தபடி ஒரு கன்னடக்காரரோடு சிநேகமானது தனிக்கதை.

இன்னொன்று பிரேக். முன்னும் பின்னும் டிரம்தான். 2019 ஏப்ரலிலிருந்து வரும் புது வண்டிகளில் ஏ.பி.எஸ்ஸோ, சேர்ந்து பிடிக்கும் பிரேக்கோ கட்டாயம். இதில் அந்த இரண்டும் என் வலது கையும் வலது காலும்தான். முன்னால் போகிற லாரி சடக்கென்று நின்றால்? எனக்கே வயிற்றைக் கலக்கும். பின்னால் பாப்பா இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பெட்ரோலும் மாறி விட்டது. இருபது சதவிகிதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை உப்ப வைக்கும். கார்புரேட்டரைக் கழற்றிய எங்கள் மெக்கானிக் பாய் உள்ளே பார்த்து விட்டு, "வண்டிக்கு வயசாச்சு சார், சாப்பாடு ஒத்துக்கல" என்றார். ஓசும் வாஷரும் மாற்றினார். அவர் சொன்ன அடுத்த விஷயம்தான் முக்கியம்: "நிறுத்தி வெச்சீங்கன்னா இன்னும் சீக்கிரம் செத்துடும்."

அது நிஜம். நின்ற டேங்க்கில் துரு, நின்ற கார்புரேட்டரில் பிசின். ஓட்டினால் தேயும், ஓட்டாவிட்டால் மக்கும்.

கடைசியில் இப்படி முடிவானது. ஆர்.சி.க்குப் பணம் கட்டியாச்சு. வார நாளுக்கும் பாப்பாவுக்கும் ஒரு ஸ்கூட்டர், தவணையில். பெங்களூருக்கு உள்ளே போக வேண்டியிருந்தால் அதைப் பொம்மசந்திராவில் விட்டு விட்டு மெட்ரோ. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடம் அங்கே வரை வந்து விட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மட்டும் ஷோகன், அதுவும் எதிர்த்திசையில். சூளகிரி தாண்டி கிருஷ்ணகிரிக்கு ஐம்பது கிலோமீட்டர். மேலுமலை இறக்கத்தில் ஒரு சங்கதி: ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு இறங்கக் கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது. பெட்ரோல் போகாவிட்டால் பிஸ்டனுக்கு எண்ணெய்க் குளியல் கட். நடுநடுவே ஒரு முறுக்கு கொடுத்துக் கொண்டே இறங்க வேண்டும். இந்த விஷயத்தை எல்லோருக்கும் சொல்லிக் கொண்டிருக்கிறேன். கேட்பவர்களில் பாதிப் பேரிடம் பேட்டரி ஸ்கூட்டர்.

கே.ஆர்.பி. அணைக்குப் போய்ச் சேரும்போது மீன் வறுவல் கடைகள் அடுப்பைப் பற்ற வைத்திருக்காது. காத்திருந்து இரண்டு துண்டு பார்சல் கட்டி வந்தால், வீட்டில் வண்டிப் புகையைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசுவதில்லை.