முதல் படைன்னா அது ரெண்டு படைங்க

1/ இன்னைக்கு மருந்து, மாத்திரை பத்தி எதுவும் இல்லீங்க. சின்ன வயசுல பொம்மை சிப்பாய்களை வரிசையா நிறுத்தி விளையாண்டு, படிப்பு, வேலை, குடும்பம்னு ஆனதும் விட்டுட்டு, இப்ப நாப்பதைத் தாண்டி "மறுபடி ஆரம்பிக்கலாமா"ன்னு யோசிக்கிறவங்களுக்கான பதிவு. கொஞ்சம் நீளமானது. பொறுமையாப் படிங்க.

2/ தெரியாதவங்களுக்கு ஒரு அறிமுகம். டேபிள்டாப் வார்கேம்னா மேஜை மேல நடக்கிற போர் விளையாட்டு. ஒரு அங்குல உயரச் சிப்பாய்களுக்கு நாமளே பெயிண்ட் அடிச்சு, டேப்பால அளந்து நகர்த்தி, பகடை உருட்டி சண்டை போடணும். சதுரங்கம் மாதிரிதான். ஆனா கட்டம் கிடையாது. மலை, ஆறு, ஊர் எல்லாம் மேஜை மேல இருக்கும்.

3/ இது புதுசும் இல்ல. யானை, குதிரை, தேர், காலாள்னு நம்ம நாட்டுச் சதுரங்கமே நாலு வகைப் படையை வச்சுத்தான் உருவாச்சு. 1824-ல பிரஷ்ய ராணுவம் அதிகாரிகளுக்குப் பயிற்சி குடுக்க வரைபடத்து மேல ஒரு போர் விளையாட்டை எடுத்துக்கிட்டது. 1913-ல எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், பொம்மை சிப்பாய்களை வச்சு வீட்டுத் தரையில விளையாட விதிகள் எழுதி 'லிட்டில் வார்ஸ்'னு புத்தகமாவே போட்டார். இன்னைக்கு உலகம் முழுக்கப் பிரபலமா இருக்கிற வார்ஹேமர் 40,000 வந்தது 1987-ல.

4/ திரும்ப வர்றவங்களோட நிலைமை இதுதாங்க. அப்ப நேரம் இருந்தது, காசு இல்ல. இப்பக் கொஞ்சம் காசு இருக்கு, நேரம் இல்ல. ராத்திரி ஒம்போதரைக்கு கிளினிக் மூடிட்டு வந்து போனை எடுத்தா, பெட்டி பெட்டியா வாங்கத் தோணும். பெட்டி வாங்கினா பொழுதுபோக்கு ஆரம்பிச்சிருச்சுன்னு மனசு நம்பிக்கும். ஆனா பிரிக்காத பெட்டி அலமாரியில இருக்கிற வரைக்கும் அது வெறும் சரக்கு.

5/ எங்க சோமனூர்ல தறி ஓட்டுறவங்களுக்கு ஒண்ணு தெரியும். நெய்ய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பாவுல எத்தனை இழை, எவ்வளவு நீளம்னு கணக்கு முடிஞ்சிருக்கணும். ஓட்டிக்கிட்டே கூட்டிக்கலாம்னு நினைச்சா நடக்காது. படையும் அப்படித்தான். எண்ணிக்கையை முதல்ல முடிவு பண்ணீட்டு அப்புறம் கடைக்குப் போங்க.

6/ அந்த எண்ணிக்கைக்கு முன்னாடி ஒரு கேள்வி: யாரோட விளையாடப் போறீங்க? நாட்டிங்காம்ல இருக்கிறவங்க கடைக்குப் போனா எதிர்ல ஒருத்தர் தன் படையோட உக்காந்திருப்பார். இங்க கருமத்தம்பட்டி தொட்டு பல்லடம் வரைக்கும் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தரும் இல்ல. அதனால இந்த ஊர்ல முதல் படை வாங்குறவங்க, எதிரிப் படையையும் சேர்த்துத்தான் வாங்கணும். ஒரு பெரிய படை வேண்டாமுங்க. ரெண்டு சின்னப் படை போதும்.

7/ எந்தப் போர்? நெப்போலியன், ரோமானியர், விண்வெளி வீரர்னு ஆயிரம் இருக்கு. நான் எடுத்திருக்கிறது நம்ம வீட்டுப் பக்கத்துப் போர். 1790–92 மூன்றாம் மைசூர்ப் போர். 1790 ஜூலையில ஜெனரல் மெடோஸோட கம்பெனிப் படை கோயம்புத்தூரைப் பிடிச்சது. செப்டம்பர்ல திப்பு சுல்தான் கஜலஹட்டி கணவாய் வழியா இறங்கி வந்தார். 13-ந் தேதி சத்தியமங்கலம் பக்கம் கர்னல் ஃபிளாய்டோட படையோட மோதல். காலையில குதிரைப்படைச் சண்டை, அப்புறம் பீரங்கி. கடைசியில ஃபிளாய்ட் தெற்கே பின்வாங்கினார்.

8/ அடுத்த வருசம் கோயம்புத்தூர் கோட்டையே முற்றுகையாச்சு. லெப்டினன்ட் சால்மர்ஸ்ங்கிற இளம் அதிகாரி, திருவிதாங்கூர் வீரர்களும் இருந்த ஒரு சின்னப் படையோட 1791 ஜூன்ல இருந்து தாக்குப் பிடிச்சு, நவம்பர்லதான் சரணடைஞ்சார். இப்பக் கோட்டை இல்ல, கோட்டைமேடுங்கிற பேர் இருக்கு. உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் போறப்ப எல்லாம் அந்தப் பேரைத் தாண்டித்தான் போறோம்.

9/ இப்பக் கணக்கு. நீல் தாமஸ் எழுதின 'ஒன் ஹவர் வார்கேம்ஸ்' (2014) ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்ல புத்தகம். ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் ஆறு பிரிவு, மூணடிக்கு மூணடி மேஜை. பேர்லயே சொல்ற மாதிரி ஒரு மணி நேரத்துல ஒரு ஆட்டம் முடிஞ்சிரும். வேலைக்குப் போறவங்களுக்கு இதை விட வேற என்ன வேணும்?

10/ என் பட்டியல்:
மைசூர்: காலாட்படை 3 பிரிவு (36 பேர்), குதிரைப்படை 1 (6), ராக்கெட் வீரர்கள் 1 (4), பாளையக்காரர் ஆட்கள் 1 (8). மொத்தம் 54.
கம்பெனி: சிப்பாய்ப் படை 3 பிரிவு (36), வெள்ளைக்காரக் காலாட்படை 1 (12), குதிரைப்படை 1 (6), பீரங்கி 1 (4). மொத்தம் 58.
ரெண்டும் சேர்த்து 112. வாரத்துக்கு நாலு பெயிண்ட் அடிச்சா 28 வாரம். ஆறரை மாசம். ஒரு மனுசனால முடியுற கணக்கு.

11/ அளவு: 28 மி.மீ. சிப்பாய் பார்க்க அழகு, விலை கூட. நான் எடுத்திருக்கிறது 1/72. ஆறடி மனுசன் ஒரு அங்குலம் ஆயிருவான். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை. மருந்துக் கம்பெனிக்காரங்க குடுக்கிற அட்டையை நாலு அங்குலத் துண்டா வெட்டி, "காலாட்படை", "பீரங்கி"ன்னு எழுதி ரெண்டு ஆட்டம் விளையாடிப் பாருங்க. லூடோ பகடை, டெய்லர் டேப், மேஜைக்குப் பச்சைச் சாயம் முக்கின காடாத்துணி. பிடிச்சிருந்தா சிப்பாய் வாங்குங்க. பிடிக்கலைன்னா அட்டையோட போச்சு.

12/ எங்க அண்ணன் பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். அட்டையை வச்சு அவனுக்குச் சொல்லிக் குடுத்தப்ப முதல் கேள்வியே இதுதான்: "இதுல நாம எந்தப் பக்கமுங்க சித்தப்பா?"

13/ திப்பு பக்கம்னு உடனே சொல்லத் தோணுச்சு. தீரன் சின்னமலை திப்புவோட சேர்ந்து நின்னவர், சங்ககிரியில 1805-ல தூக்குல ஏறினவர். ஆடி 18-க்கு ஓடாநிலையில கூடுற கூட்டத்தை அவனும் பார்த்திருக்கான். ஆனா சிவப்புக் கோட்டு போட்ட அந்த 36 பேர் யாரு? கம்பெனியோட மதராஸ் படையில பெரும்பகுதி வெள்ளைக்காரன் இல்ல. தமிழும் தெலுங்கும் பேசின நம்ம ஆளுங்க. மாசச் சம்பளத்துக்குப் போனவங்க. ரெண்டு பக்கமும் நாமதான் நின்னோம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம் சிப்பாய்ப் படை அட்டையை அவன் பக்கம் நகர்த்திக்கிட்டான்.

14/ ரெண்டு படையும் நாமளே செய்யுறதுல இருக்கிற விசயம் இதுதாங்க. ஒரே பக்கத்தை வாங்கியிருந்தா, எதிர்ப்பக்கம் சுட்டுத் தள்ள வேண்டிய கூட்டம்தான். ரெண்டுக்கும் நாமளே பெயிண்ட் அடிக்கிறப்ப, புலிவரிச் சட்டைக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் சிவப்புக் கோட்டுக்கும் ஆகும். 112 பேருக்கும் ஒரே அளவு மூஞ்சி, ஒரே பழுப்பு நிறக் கலவை. வெள்ளைக்காரப் பிரிவுக்கு மட்டும்தான் வேற டப்பா திறக்கணும்.

15/ ஆட்டத்தையும் அப்படியே அமைக்கலாம். சத்தியமங்கலத்துல கம்பெனி ஜெயிக்கணும்னா எதிரியை அழிக்கணும்னு வைக்காதீங்க. பீரங்கியோட மேஜையோட தெற்கு ஓரத்தைத் தாண்டினா கம்பெனிக்கு வெற்றி. அதுக்குள்ள பீரங்கியைப் பிடிச்சா மைசூருக்கு வெற்றி. பின்வாங்குறவனுக்கும் ஜெயிக்க ஒரு வழி இருந்தாத்தான் எதிர்ல உக்கார்றவர் அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவார்.

16/ டாக்டரா நாலு வார்த்தை:
• நாப்பதுக்கு மேல வெள்ளெழுத்து வரும். கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி போட்டுட்டு, நல்ல வெளிச்சத்துல பெயிண்ட் அடிங்க. 20 நிமிசத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சு நடங்க, கழுத்து நன்றி சொல்லும்.
• பிரஷ் முனையை நாக்குல வச்சுக் கூராக்காதீங்க. சில சாயங்கள்ல உடம்புக்கு ஆகாத உலோகம் இருக்கும்.
• பழைய உலோகச் சிப்பாய்கள்ல ஈயம் இருக்கலாம். சாப்பாட்டு மேஜையில வச்சு அராவ வேண்டாம். வேலை முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க.
• ஸ்ப்ரே பிரைமர் மொட்டை மாடியில மட்டும்.
• 3டி பிரிண்ட் எடுக்கிறவங்க, காயாத ரெசினை வெறுங்கையால தொடாதீங்க. தோல் அலர்ஜி வரும். நைட்ரைல் கையுறை போடுங்க.
• பெவிகுவிக்ல விரல் ஒட்டிக்கிட்டா இழுக்காதீங்க. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில ஊற வைங்க. கண்ணுல பட்டா நீங்களே பிரிக்கப் பார்க்காம, தண்ணியில கழுவிட்டு நேரா கண் டாக்டர்கிட்டப் போங்க.

17/ "இந்த வயசுல பொம்மையா?"ன்னு கேப்பாங்க. கேக்கட்டும். ராத்திரி பத்து மணிக்கு இருபது நிமிசம், ரிப்போர்ட், ஸ்கேன், போன் எதுவும் இல்லாம, ஒரு அங்குல மனுசனுக்குத் தலைப்பாகை கட்டிவிடுற வேலை. அதை நான் மாத்திரையா எழுதிக் குடுக்க முடியாது. நீங்களேதான் எடுத்துக்கணும்.

18/ இந்த வாரம் வேலை இவ்வளவுதான்: பன்னெண்டு அட்டைத் துண்டு, ஒரு டேப், ரெண்டு பகடை, எதிர்ல ஒரு ஆள். கடைசிதான் கஷ்டம். அதனால கோயம்புத்தூர், திருப்பூர், அவிநாசி பக்கம் யாராவது பழைய சிப்பாய் டப்பாவைப் பரண்ல வச்சிருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. படை இல்லாம வந்தாலும் பரவால்ல. எங்கிட்ட ரெண்டு இருக்கும்.