தேய்வறிதல்

உடைந்த பொருளை மாற்றுவதற்குத் தனி அறிவு வேண்டுவதில்லை. உடைவே அதனை உணர்த்திவிடும். தேயும் பொருளை உரிய காலத்தில் மாற்றுவதற்கே அறிவு வேண்டும். தேய்வு ஓசையின்றி நிகழ்வது. ஸ்கூட்டரின் டயர் இதற்குத் தக்க சான்று.

மலேசியத் தமிழருக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு நெடியது. 1877-இல் சிங்கப்பூருக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. பின்னர்ப் பெருகிய தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டியவர்கள் தமிழர்கள். அவர்தம் வழித்தோன்றல்களுள் பலர் இன்று டயரைக் காற்றுக்காகப் பார்க்கின்றனர், தேய்வுக்காகப் பார்ப்பதில்லை.

ஸ்கூட்டரின் சக்கரம் சிறியது. 10 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 700 முறைக்கு மேல் சுழலும். 17 அங்குலச் சக்கரமுடைய மோட்டார் சைக்கிளுக்கு 600 சுழற்சிகூடத் தேவைப்படாது. ஆகவே, சிறிய டயரின் ஒவ்வொரு பகுதியும் அடிக்கடி தரையைத் தொடுகிறது. அதிலும் இயந்திரத்தின் உந்துதலையும் அமர்வோரின் பாரத்தையும் மிகுதியாகத் தாங்கும் பின்டயரே முதலில் தேய்கிறது. முன்டயரையும் பின்டயரையும் இடம் மாற்றிப் போடுவாரும் உளர். அது தேய்வைப் பகிருமேயன்றி நீக்காது.

டயரின் வரிகளை மலாய்மொழி 'பூ' என்று வழங்குகிறது. அப்பூ அழகுக்காக அமைந்ததன்று. மழைநாளில் சாலையில் படியும் நீரை ஒதுக்கி, ரப்பரைத் தரையோடு சேர்ப்பது அதன் பணி. தரையைத் தொடும் இடமோ ஏறத்தாழ உள்ளங்கையளவே. வரிகள் மறைந்த மொட்டை டயர் நீரின்மேல் வழுக்கும். ஓடுவதற்கு மொட்டை டயரும் போதும். மழையில் நிற்பதற்குத்தான் பூ வேண்டும்.

நாள்தோறும் காணும் கண் இத்தேய்வைக் காண்பதில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு அத்துணை நுண்ணியது. மயிலிறகேயாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற வள்ளுவர் வாக்கு இங்கும் பொருந்தும். ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஓர் இறகு.

கண்ணை நம்ப இயலாதவிடத்து அளவுகோலை நாடுதல் வேண்டும். அவ்வளவுகோல் டயரிலேயே உள்ளது. வரிப்பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் இருக்கும். அவை இருக்குமிடத்தைப் பக்கச்சுவரில் உள்ள சிறு முக்கோணமோ எழுத்துகளோ காட்டும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அம்மேடுகளுக்குச் சமமானால் மாற்றும் காலம் வந்துவிட்டது. நடுப்பகுதி தட்டையாவதும், பக்கச்சுவரில் வெடிப்புகள் தோன்றுவதும் பிற அடையாளங்கள். ஓடாமல் நின்ற வண்டியின் டயரும் காற்றாலும் வெயிலாலும் முதுமை எய்தும். அதன் வயதை நான்கு இலக்கங்கள் கூறும். 2319 எனில், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். உள்நூல் வெளியே தெரியும்வரை காத்திருப்பது சிக்கனமாகாது.

தமிழ்ப்பள்ளி வாயிலில் காலைதோறும் தந்தையரின் பின்னால் அமர்ந்து வந்திறங்கும் பிள்ளைகள் பலர். சம்பள நாளை எண்ணி, "இன்னும் ஒரு மாதம் ஓடும்" என்று தந்தை கருதுகிறார். ஓடும் என்பது உண்மையே. சாலையின் குறுக்கே ஒருவர் வரும்போது நிற்குமா என்பதே வினா. அவ்வினாவுக்குரிய விலையைத் தந்தை மட்டும் தருவதில்லை.

வட்டத்தின் சுற்றளவைக் கற்பிக்கும் ஆசிரியர், வீட்டிலுள்ள வண்டியின் டயரை அளந்து வருமாறு மாணவரைப் பணிக்கலாம். அளக்கக் குனியும் பிள்ளை அந்தச் சிறு மேடுகளையும் பார்த்து வரட்டும். பின்னிருக்கையில் அமர்பவருக்கு அவற்றைப் பார்க்கும் உரிமை முழுமையாக உண்டு.