மாளிகையின் இசை ஆசிரியை

கல்யாணம் என்றதும் எத்தனை பவுன் நகை, எந்த மண்டபம், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்றுதான் பேச்சு எழுகிறது. மணப்பெண்ணின் கல்வியும் குணமும் பின்தள்ளப்படுகின்றன. நூறாண்டுகளுக்கு முன்னர் அவுஸ்திரேலியாவில் நடந்த ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் படித்தபோது, ஆசிரியத் தொழில் செய்யும் என் மனதில் பதிந்தது அதன் ஆடம்பரமல்ல.

மெல்பேர்ண் நகருக்கு வடமேற்கே சன்பரி என்றோர் ஊர். ஆதிக்குடி மக்கள் வாழ்ந்த அந்த நிலத்தில் ஆங்கிலேயர் குடியேறி, ஆடு வளர்த்துப் பெருஞ்செல்வம் சேர்த்தனர். அப்படிச் சேர்ந்த தந்தையின் சொத்தைப் பெற்ற வில்லியம் கிளார்க், 1874இல் அங்கே ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார். தம் மகன் ரூபர்ட்டின் பெயரால் 'ரூபர்ட்ஸ்வூட்' என அழைத்தார். விருந்தினர் வந்திறங்க அதற்கெனத் தனியாக ஒரு புகையிரத நிலையமே இருந்தது!

1882இல் ஐவோ பிளை என்ற பிரபு குடும்பத்து இளைஞரின் தலைமையில் இங்கிலாந்துக் கிரிக்கெட் அணி அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியது. வழியில் நமது கொழும்பிலும் அவர்கள் விளையாடினர். அதே கப்பலில் கிளார்க் தம்பதியரும் பயணம் செய்தனர். அந்தப் பழக்கத்தால் அணியினர் ரூபர்ட்ஸ்வூட்டில் விருந்தாளிகளாயினர்.

அங்கே ஐவோவின் மனதைக் கவர்ந்தவர், அவ்வீட்டில் இசை கற்பித்த புளோரன்ஸ் மோர்பி. குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தவர். பிரபு வீட்டு மகனுக்குச் சம்பளத்துக்குப் பாடம் சொல்லும் பெண்ணா? அன்றைய ஆங்கிலச் சமூகத்தில் அது எளிதில் தாண்டக்கூடிய வேலியல்ல. இங்கிலாந்து சென்ற ஐவோ மனம் மாறவில்லை. திரும்பி வந்து, 1884 பெப்ரவரி 9இல் சன்பரி ஊரின் தேவாலயத்தில் அவரை மணந்தார். விருந்து ரூபர்ட்ஸ்வூட் மாளிகையில் நடந்தது.

தம் வீட்டில் வேலை பார்த்த பெண்ணுக்கு அம்மாளிகையின் தலைவி ஜெனட் இவ்வளவு செய்தது ஏன்? ஜெனட்டும் ஒரு காலத்தில் கிளார்க்கின் முதல் மனைவியின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்தான். அம்மனைவி இறந்த பின் 1873இல் கிளார்க்கை மணந்தார். செல்வம் வந்தபோதும் தாம் வந்த வழியை அவர் மறக்கவில்லை. பின்னாளில் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவியர் தங்கிப் படிக்க விடுதி கட்டுவதற்கும் வாரி வழங்கினார். அது இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

புளோரன்ஸும் அப்படித்தான். 1900இல் கணவர் பிரபுப் பட்டத்துக்கு வந்தார். முதலாம் உலகப் போரில், இங்கிலாந்தில் தாங்கள் வாழ்ந்த கோபம் மாளிகையைக் காயமுற்ற அவுஸ்திரேலியப் படையினருக்கு மருத்துவமனையாக்கினார் புளோரன்ஸ். 1927இல் கணவர் மறைந்த பின், புகழ்பெற்ற 'ஆஷஸ்' சிறு கலசத்தைக் கிரிக்கெட் கழகத்திடம் ஒப்படைத்தவரும் அவரே.

உலகம் அந்தக் கலசத்தை நினைவில் வைத்திருக்கிறது. நான் நினைப்பது அவ்விரு ஆசிரியைகளையும்தான். சகோதரிகளே! நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வீடு தேடி வரும் ஏழைப் பெண்ணை எந்தக் கதிரையில் அமர்த்துகிறோம்? அவளுக்கு ஒரு நல்ல வரன் வந்தால் முன்னின்று நடத்தி வைப்போமா, அல்லது 'சம்பளத்துக்கு வந்தவள்தானே' என்று ஒதுங்கிக்கொள்வோமா? ஒரு வீடு பெரிய வீடா என்பதை அதன் அறைகளின் எண்ணிக்கை சொல்லாது. இந்தக் கேள்விக்கான பதில் சொல்லும்.