மலையிறங்குமுன்

கார்லாவின் பழம்பெரும் பௌத்தக் குகைகளைக் கண்டு, பழைய புனே சாலை வழியே குடும்பத்துடன் மும்பை திரும்பினோம். வழியில் முன்சக்கரமொன்று வண்டுபோல் ரீங்கரிக்கலாயிற்று. வேகத்துடன் ஓசையும் வளர்ந்தது. இடப்புறம் வளைகையில் மிகுந்தது. வலப்புறம் வளைகையில் தணிந்தது. இடப்புறம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலச் சக்கரத்தின்மீது சாயும். ஆகவே பழுது அச்சக்கரத்தின் பேரிங்கில் என ஊகித்தேன்.

“நாளை குழந்தைக்குப் பரீட்சையாயிற்றே!” என்றாள் மனைவி. அப்பாலோ கண்டாலா மலையிறக்கம், லோணாவளாவிலேயே நிறுத்தினேன். மராத்திய மெக்கானிக் ஜாக்கியால் வண்டியை உயர்த்தி, சக்கரத்தை மேலும் கீழும் பற்றி அசைத்தார், அது ஆடிற்று.

பேரிங் மாற்றி வீடு சேர நள்ளிரவாயிற்று. மறுநாள் மகள் கண் சிவக்கப் பரீட்சைக்குச் சென்றாள், ஆயினும் சென்றாளே! அன்பர்களே, மலையிறங்குமுன் சக்கரத்தின் சொல்லுக்குச் செவிகொடுங்கள்.