சென்டர் ஃபீல்டு ஜன்னல்

கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்த காது என்னுடையது. பேஸ்பாலில் யார் எதற்காக ஓடுகிறார்கள் என்பதே வெகுநாள் பிடிபடவில்லை. ஆனால் ரஸ் ஹாட்ஜஸின் வானொலிக் குரலைக் கேட்க ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1951 அக்டோபர் 3, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். ஜயன்ட்ஸ் ஜெயித்துவிட்டது என்று நான்கு தடவை கத்துகிறார் மனிதர். எனக்குப் புல்லரித்துவிட்டது.

அந்தக் குரல் இன்று நமக்குக் கிடைப்பதே ஓர் அம்மாவின் தயவு. வேலைக்குக் கிளம்பிய ஒரு ரசிகர், ஆட்டம் முடியும் தறுவாயில் டேப் ரிக்கார்டரைப் போட்டுவிடச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா மறக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் புரூக்ளின் டாட்ஜர்ஸைவிடப் பதின்மூன்றரை ஆட்டம் பின்தங்கிக் கிடந்த அணி ஜயன்ட்ஸ். கடைசி 44 ஆட்டங்களில் 37ஐ வென்று எட்டிப் பிடித்தது. யாருக்கு லீக் பட்டம் என்று தீர்க்க மூன்று ஆட்டங்கள். முதல் இரண்டில் ஆளுக்கு ஒன்று. மூன்றாவதில், கடைசி இன்னிங்ஸில், டாட்ஜர்ஸ் 4-2 என்று முன்னால் இருந்தபோது பந்தெறிய ரால்ஃப் பிராங்கா வந்தார். வயது 25, முதுகில் எண் 13. எதிரே ஜயன்ட்ஸின் பேட்டர் பாபி தாம்சன். அவர் அடித்த இரண்டாவது பந்து இடப்பக்க ரசிகர்கள் நடுவே போய் விழுந்தது: ஹோம்ரன். ஜயன்ட்ஸுக்கு 5-4.

இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாத பாதி, மைதானத்தின் அந்தக் கோடியில் ஒரு ஜன்னலில் இருந்தது.

பேட்டருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர், அந்நாளில் அடுத்து என்ன பந்து என்பதைத் தொடைகளுக்கு நடுவே விரல் காட்டித்தான் பிட்சருக்குச் சொல்வார். அந்த விரலைப் படித்துவிட்டால் பேட்டருக்குப் பாதி வேலை முடிந்தது. ஜயன்ட்ஸின் உடைமாற்றும் அறை சென்டர் ஃபீல்டுக்குப் பின்னால், கேட்சரின் நேரெதிரே இருந்தது. ஜூலை முதல் அங்கே தொலைநோக்கியோடு ஆளை உட்கார வைத்தார் மேனேஜர் லியோ டுரோச்சர். அறையிலிருந்து, மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னுக்கு ஒரு மின்கம்பி. இங்கே பொத்தானை அமுக்கினால் அங்கே பஸ்ஸர் அடிக்கும்; அங்கே உட்கார்ந்திருப்பவர் பேட்டருக்குச் சாடை காட்டுவார். கம்பியை இழுத்துக் கொடுத்த எலக்ட்ரீஷியன் டாட்ஜர்ஸ் ரசிகர்! தொலைநோக்கியை அன்று எந்த விதியும் தடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2001இல் ஜோஷுவா பிரேகர் என்ற பத்திரிகையாளர் இதை வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் விலாவாரியாக எழுதினார். பிராங்காவுக்கோ 1954இலேயே தெரியும். டெட்ராய்ட் அணியில் அவரோடு ஆடிய ஒருவர் காதில் போட்டுவிட்டார். ஆனாலும் ஊரறியப் பேசவில்லை. அன்று அறைப் படிக்கட்டில் குப்புற விழுந்து அழுத மனிதர், 21 வயதிலேயே ஒரே பருவத்தில் 21 வெற்றி கண்டவர், பிற்பாடு ஒரே ஒரு பந்துக்காக மட்டும் நினைக்கப்பட்டார். தாம்சனோடு பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நாளின் படங்களில் சேர்ந்தே கையெழுத்துப் போட்டார். சிநேகிதமும் ஆனார்கள். நானாக இருந்தால் 1954இலேயே தெருவில் நின்று கத்தியிருப்பேன்.

கத்தியிருந்தால் எடுபட்டிருக்குமா என்பது வேறு விஷயம். அந்த ஆட்டத்துக்கு முந்தைய நாள் இதே மைதானத்தில், இதே ஜன்னல் எதிரே இருக்க, டாட்ஜர்ஸ் ஜயன்ட்ஸை 10-0 என்று துவைத்து எடுத்திருந்தது. அதற்கும் முந்தைய ஆட்டத்தில் தாம்சன் இதே பிராங்காவின் பந்தில் ஹோம்ரன் அடித்திருந்தார். அது டாட்ஜர்ஸின் சொந்த மைதானம், அங்கே ஜயன்ட்ஸுக்கு ஜன்னலும் இல்லை, கம்பியும் இல்லை. என்ன பந்து என்று தெரிந்தாலும் அதை அடித்தாக வேண்டுமே என்று பிராங்காவே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்தக் குறிப்பிட்ட பந்துக்குச் சாடை வாங்கவில்லை என்றார் தாம்சன். பிராங்கா அதை நம்பவில்லை. நான் காலையில் ஒருவரையும் மாலையில் மற்றவரையும் நம்புகிறேன். தாம்சன் 2010இல் போனார், பிராங்கா 2016இல். மைதானத்தை 1964லேயே இடித்துவிட்டார்கள். பந்து இன்னும் கிடைக்கவில்லை.