புகையில் தொங்கிய அச்சம்



லிஸ்பன் நகரில் எண்மராய்ச் சிறு குழுவாகப் போர்த்துக்கீசிய உணவையும் திராட்சரசத்தையும் சுவைத்தபடி நடந்தோம். ஒரு கடையில் சிவந்த திராட்சரசத்தோடு 'அல்யேய்ரா' என்னும் சாசேஜைப் பரிமாறினார்கள். கோழியிறைச்சி, ரொட்டி, பூண்டு ஆகியவற்றைக் குடலில் அடைத்துப் புகையூட்டியது அது.

1497இல் மன்னர் முதலாம் மானுவேல் யூதர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் பெறச் செய்தார். 1536இல் சமய விசாரணை மன்றமும் ஏற்பட்டது. பன்றியிறைச்சி உண்ணாதவர்கள், அயலார் கண்ணுக்கு உண்பவர்போலத் தோன்றும்படி இதைச் செய்து தொங்கவிட்டார்கள் என்று அந்நாட்டில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

அவர்களை அஞ்சவைத்தவர்கள் சிலுவையைக் கையில் ஏந்தியவர்களே. அயலான் தன் அடுப்பை நம்மிடமிருந்து மறைக்க நேர்ந்தால், நாம் அறிவித்தது நற்செய்தி ஆகுமோ? உங்கள் பந்தியில் அமர்பவர், தாம் உண்ணாததை அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா? இவ்வாரம் சிந்தித்துப் பாருங்கள்.