பாரிஸில் பணப்பையும் கைப்பேசியும்

பாரிஸ்



பாரிஸுக்கு வரும் தமிழ்ப் பயணிகள் பலர், சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கி, ஆர்.இ.ஆர். பி எனப்படும் புறநகர் ரயிலில் கார் து நோர் நிலையத்தை அடைந்து, அங்கிருந்து நடைதூரத்தில் உள்ள ஈழத்தமிழர் கடைத்தெருவான லா சப்பலுக்குச் செல்வது வழக்கம். விமானக் களைப்பும், கைநிறையப் பெட்டிகளும், வழி தேடும் தவிப்பும் ஒன்றுசேரும் அந்த முதல் ஒரு மணி நேரமே பிக்பாக்கெட்காரர்களுக்கு ஏற்ற நேரமாகிறது.

இந்நகரில் இத்திருட்டு எந்த அளவுக்கு ஊன்றியிருக்கிறது என்பதற்கு இரு நாட்களே சான்று. 2013 ஏப்ரல் 10 அன்று, திருட்டுக் கும்பல்களின் தொல்லை பொறுக்காமல் ஊழியர்கள் வேலையை நிறுத்தியதால் லூவர் அருங்காட்சியகமே மூடப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லாத சிறுவர்களும் அக்கும்பல்களில் இருந்தனர். 2015 மே 22 அன்று ஈபிள் கோபுரமும் இதே காரணத்தால் சில மணி நேரம் மூடிக் கிடந்தது.

மெட்ரோ எனப்படும் சுரங்க ரயிலில் இத்திருட்டு பெரும்பாலும் கூட்டு வேலையாகவே நடக்கிறது. ஏறும்போது முன்னால் செல்பவர் வாசலில் சட்டென்று நின்றுவிட, பின்னால் வருபவர் நெருக்கித் தள்ள, அந்த நெரிசலில் மூன்றாமவர் கையை விட்டு எடுத்த பொருளை உடனே நான்காமவரிடம் சேர்த்துவிடுவதால், பிடிபட்டவரைச் சோதித்தாலும் கையில் எதுவும் இருப்பதில்லை. கைப்பேசியைப் பறிப்பவரோ கதவருகே காத்து நின்று, கதவு மூடப்போவதை அறிவிக்கும் ஒலி எழுந்ததும் பறித்துக்கொண்டு நடைமேடைக்குத் தாவிவிடுகிறார். பறிகொடுத்தவர் திரும்பிப் பார்ப்பதற்குள் ரயில் நகர்ந்துவிடுகிறது. கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டுவோரிடமும் எச்சரிக்கை வேண்டும். அட்டை கண்ணை மறைக்க, அதன் அடியில் கை பையைத் துழாவும்.

இந்தியப் பயணிக்குப் பணப்பையைவிடக் கைப்பேசியின் இழப்பே பெரிது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பயணச்சீட்டும் விடுதிப் பதிவும் அதில் இருப்பதோடு, வங்கிகள் அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும், அதாவது ஓ.டி.பி.யும், அதற்கே வருகிறது; ஆகவே அது போனபின் களவுபோன அட்டையை முடக்குவதுகூடக் கடினமாகிவிடுகிறது. வங்கியின் வெளிநாட்டு உதவி எண்ணைத் தாளில் எழுதி வைப்பதும், சிம் அட்டைக்குத் தனிப் பூட்டு எண் இடுவதும், இரண்டாவது வங்கி அட்டையை வேறொரு பையில் வைப்பதும் இதனால்தான் இன்றியமையாதவை.

பாஸ்போர்ட்டை விடுதி அறையிலேயே விட்டுச் செல்லலாம் என்ற அறிவுரை இங்கு முழுமையாகப் பொருந்தாது. சோதனையின்போது வெளிநாட்டவர் தம் ஆவணங்களைக் காட்ட வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். ஆடைக்குள் அணியும் மெல்லிய பையே அதற்கு உகந்த இடம்.

பாஸ்போர்ட்டும் தொலைந்தால், காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதன் ரசீதுடன் இந்தியத் தூதரகத்தை நாடி அவசரச் சான்றிதழ் பெறலாம். அது இந்தியா திரும்ப மட்டுமே உதவும் ஒருவழி ஆவணமாதலால், அதன்பின் இத்தாலிக்கோ சுவிட்சர்லாந்துக்கோ பயணத்தைத் தொடர இயலாது. அவசரச் சான்றிதழுக்குத் தேவைப்படும் பாஸ்போர்ட் நகலும் புகைப்படங்களும் உடன்வருபவரின் பையில் இருப்பது நல்லது.